பதில் நாற்காலி

1

அன்று அந்த வகுப்பறையில் இருந்தவர்கள்: நான், என் தம்பி, தம்பி மனைவி, அவர்களுடைய ஒரே மகள், அவளுக்குப் பாடம் நடத்தும் பேராசிரியை, கூடப் படிக்கும் ஏழெட்டுப் பிள்ளைகள். சுவரில் தொங்கிய திரையில் வேறொரு நாட்டுப் பல்கலைக்கழக வகுப்பு ஒன்று. அவ்வளவுதான். "நானும் அங்கேதான் இருந்தேன்" என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். அப்படிச் சொல்லிக்கொண்டு திரிகிறவர்களால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எங்கள் குடும்பத்துக் கதையை அடுத்தவன் சொல்லக் கூடாது. சொல்வதானால் நான் சொல்வேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மூன்று தலைமுறையாகச் சட்டை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பிவரும் எங்கள் கண்ணியமான—"

தம்பி மகள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். வீட்டில் அவளுக்குச் 'சின்னது' என்று பெயர். பட்டம் வாங்கப்போகிற வயதிலும் அதுதான்.

"பெரியப்பா, இது கதையா, கம்பெனி விளம்பரமா?"

அடித்துவிட்டேன்.

அடுத்து: "உலகக் குடிமக்களை உருவாக்குவதில் பல்கலைக்கழகங்களின் பங்கு மகத்தானது." இது மேடைப்பேச்சு. இதையும் அடித்தேன். ஆனாலும் விஷயத்தைச் சொல்லாமல் முடியாது. அவள் படிக்கும் பல்கலைக்கழகத்தில் கடைசி ஆண்டில் 'உலகக் குடிமை' என்று ஒரு கட்டாயப் பாடம் உண்டு. பெயரைக் கேட்டதும், நாலு மொழி பேசுவது, நல்ல கோட்டுப் போடுவது, விமானத்தில் பதறாமல் உட்காருவது இவற்றைச் சொல்லித் தருவார்கள் என்று நினைத்தேன். அப்படி இல்லை. வீட்டிலிருக்கும் ஏதாவது ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அது யார் யார் கைபட்டு எந்தெந்த எல்லையைத் தாண்டுகிறது என்று தேடிப் போக வேண்டும். கடைசியில் எல்லார் முன்னிலையிலும் விசாரணை. நடுவில் ஒரு நாற்காலி. கூடப் படிக்கும் பிள்ளை ஒருவர் அதில் உட்கார்ந்து, அந்தப் பொருளால் பிழைக்கும் முதலாளியாக நடித்துப் பதில் சொல்வார். அதைப் பதில் நாற்காலி என்கிறார்கள். வேடிக்கை பார்க்க வீட்டாருக்கும் அழைப்பு.*

இதெல்லாம் இப்போது தெரியும். அன்று தெரியாது.

(* "பெரியவங்களை நிக்க வச்சுக் கேள்வி கேக்கறதுதான் உலகக் குடிமையாம்மா?" என்று பிற்பாடு பேராசிரியையிடம் கேட்டேன். "நீங்க உக்காந்துதானே இருந்தீங்க ஐயா?" என்றார். கெட்டிக்காரி.)

3

உள்ளே போனோம். எல்லோருக்கும் சுவரோரம் பெஞ்சு. நடுவில் தனியாக ஒரு நாற்காலி, பக்கத்தில் சிறு மேசை, மேலே தண்ணீர். எந்தச் சபையானாலும் அப்படி ஒரு நாற்காலியை வந்தவர்களில் மூத்தவருக்குத்தான் போடுவார்கள். போய் உட்கார்ந்தேன்.

முதலாளியாக நடிக்க டை கட்டிக்கொண்டு வந்த மாணவன் பாதி வழியில் நின்றுவிட்டான்.

"பெரியப்பா..." சின்னதின் முகம் வெளுத்தது. "அது வந்து..."

"பரவால்லம்மா, வசதியாத்தான் இருக்கு. நீ ஆரம்பி."

யாரோ சிரித்தார்கள். பேராசிரியை வந்து குனிந்தார். "ஐயா, இதுல உக்காந்தா அவ கேக்கறதுக்கெல்லாம் பதில் சொல்லணும். வேணும்னா மாறி உக்காரலாம்."

உட்கார்ந்தவனை எல்லார் முன்னாலும் எழுப்புவதா?

"கேக்கட்டும். நாங்க ஒளிச்சு வைக்க ஒண்ணுமில்ல."

[இந்த இடத்தில், திரையில் தெரிந்த மாணவன் ஒருவன் எங்கள் கூடத்தில் தைத்த சட்டையைப் போட்டிருந்தான் என்று எழுதியிருந்தேன். கதைக்கு எடுப்பாக இருந்தது. அவன் எந்தச் சட்டை போட்டிருந்தான் என்று நான் பார்க்கவில்லை. நீக்கினேன்.]

4

சின்னது எடுத்து வந்த பொருள் ஒரு வெள்ளைச் சட்டை. பஞ்சு எந்த நாடு, பொத்தான் எந்த நாடு, கப்பல் எந்தத் துறைமுகம் என்று தடங்கலில்லாமல் பேசினாள். எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"தையல் கூடத்துக்கு எத்தனை கதவு?"

"ரெண்டு. உனக்குத் தெரியாதா?"

"வேலை நேரத்துல எத்தனை திறந்திருக்கும்?"

தம்பி ஜன்னலைப் பார்த்தான். பொய் சொல்லியிருக்கலாம். நான் சபையில் பொய் சொல்கிற ஆள் இல்லை.

"முன்கதவு. பின்கதவைப் பூட்டிடுவோம். இல்லேன்னா துணி வெளிய போயிடும். எல்லாரும் செய்யறதுதான்."

"சாவி?"

"மூத்தவன்கிட்டதான் இருக்கும். எங்கப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான்."

"இன்னொரு சாவி?"

"எதுக்கு இன்னொண்ணு?"

திரையில் ஒரு பெண் ஏதோ கேட்டாள். அந்த மொழி எனக்குப் புரியவில்லை. சின்னது எடுத்துச் சொன்னாள். "இப்ப உள்ள வேலை நடக்குதான்னு கேக்கறாங்க."

"ஏன் நடக்காம? எங்க கூடம் ஒருநாளும் நின்னதில்ல."

"அப்போ அந்தச் சாவி இப்ப எங்க இருக்கு, பெரியப்பா?"

என் சட்டைப்பையில் இருந்தது. கூடத்துக்குப் போக காரில் ஒரு மணி நேரம் ஆகும். உள்ளே இருநூறு பெண்கள்.

5

இதற்கு மேல் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

முதல் விதம்: நான் எழுந்து நின்று, சாவியை மேசைமேல் வைத்து, "இன்றோடு இந்தப் பழக்கம் ஒழிந்தது" என்று கணீரென்று—

ஓரத்தில் சின்னதின் கையெழுத்து: 'நீங்க எழுந்திருக்கவே இல்ல.'

இரண்டாம் விதம்: தம்பி பாய்ந்து வந்து, "அண்ணே, போதும்" என்று—

'அப்பாவா?' என்று மட்டும் எழுதியிருக்கிறாள்.

மூன்றாவது, நடந்தது. கை தானாகப் பையை மூடிக்கொண்டது. அவள் சட்டையைக் கீழே வைத்துவிட்டு நேரே வந்து கையை நீட்டினாள்.

"குடுங்க."

"வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

"வீட்டுல எத்தனை தடவை கேட்டிருக்கேன்? 'போய்ப் படிக்கிற வேலையைப் பாரு'ன்னீங்க. அதைத்தான் பாக்கறேன்."

"பாதியில எழுந்து போனா உன் பரீட்சை என்னாகும்?"

"போகும். போகட்டும்."

"நாலு பேர் முன்னால வச்சு நம்ம மானத்தை—"

"மாமா." தம்பி மனைவி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் எதிரே குரல் உயர்த்தாதவள். "உள்ள ஆளுங்க இருக்காங்க மாமா. அவ மானத்தைக் கேக்கல, சாவியைக் கேக்கறா."

நான் எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேன், என்ன நினைத்தேன், என்ன சொன்னேன் என்பதை எழுத மாட்டேன். அது என்னோடு. அந்த இடம் வாசகருக்கு. உங்கள் வீட்டு மூத்தவரை அங்கே உட்காரவைத்து நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவர் என்னைவிட நல்லவராக இருந்தால் சீக்கிரம் முடிந்துவிடும்.

சாவி அவளிடம் போனது. தம்பிதான் வண்டி ஓட்டினான். நான் நாற்காலியிலேயே இருந்தேன். திரையில் இருந்தவர்களும் போகவில்லை. அவர்களுக்கு என் மொழி தெரியாது, எனக்கு அவர்கள் மொழி தெரியாது. பின்கதவைத் திறந்தாயிற்று என்று கூடத்திலிருந்து போன் வரும்வரை ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

6

பாடத்தில் அவள் தேறினாளா, நானும் அவளும் இப்போது எப்படி இருக்கிறோம் என்பதெல்லாம் வீட்டு விவகாரம். கேட்காதீர்கள்.

ஒன்றை மட்டும் திருத்திவிடுகிறேன். அன்று எங்கள் கூடத்தில் தீப்பிடித்தது, அதனால்தான் அலறியடித்துக்கொண்டு பின்கதவைத் திறந்தோம் என்று வெளியே ஒரு பேச்சு இருக்கிறது. தவறு. தீ எதுவும் பிடிக்கவில்லை.