லேசான கருகல்

சாக்லேட் தொழிற்சாலையில் அவளுக்கு ருசி பார்க்கும் வேலை. எல்லோருக்கும் அவள் 'நாக்கக்கா'. அந்த நாக்குக்குத் தப்பி எந்தக் குறையும் வாசல் தாண்டியதில்லை. குறை சொல்வதற்கே சம்பளம் வாங்கும் பாக்கியம் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

பாலைப் பொடியாக்க அங்கே ஒரு கிழட்டு உருளை இருந்தது. சூடான உருளைமேல் பால் ஏடாகக் காயும்; மழுங்கிய கத்தி ஒன்று அதைச் சுரண்டும். சுரண்டாமல் விட்டது கருகும். ஆறு வருடமாக, வாரம் தவறாமல், நாக்கக்கா பதிவேட்டில் எழுதினாள்: "பாலில் லேசான கருகல். கத்தியைத் தீட்டவும்." ஃபிட்டர் அண்ணனும் ஆறு வருடமாக "நாளைக்கு" என்றே சொன்னார். மனிதர் சொன்ன சொல் மாறாதவர்.

முதலாளியின் மாப்பிள்ளை மேனேஜராக வந்தார். செய்ய வேறு வேலை இல்லாததால் பதிவேட்டைப் படித்தார். உருளையை ஓரங்கட்டிவிட்டு, சூடான காற்றில் பாலைத் தூவிப் பொடியாக்கும் பெரிய இயந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார். வெள்ளை வெளேரென்று பொடி. கருகல் மருந்துக்கும் இல்லை. நாக்கக்காவுக்கு மாலை போடாத குறைதான்.

மூன்றே மாதத்தில் சரக்கு பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தது. வீட்டில் மகளே ஒரு கடி கடித்துவிட்டு, "அம்மா, இது எந்தக் கம்பெனி டூப்ளிகேட்?" என்றாள்.

நாக்கக்கா வாயில் போட்டுப் பார்த்தாள். இனிப்பு இருந்தது, பாலும் இருந்தது. அடிநாக்கில் தங்கும் அந்த அடிப்பிடித்த வாசம் மட்டும் இல்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவள் கையெழுத்தும் போட்டல்லவா கெட்டிருக்கிறாள்!

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். "வெள்ளிக்கிழமைக்குள்ள குறை என்னன்னு சொல்லுங்க. இல்லன்னா வேற நாக்கு பாத்துக்கறேன்."

சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் வேலை போகும். கூசிக்கொண்டே எழுதினாள்: "குறை: பாலில் கருகல் இல்லை."

மேனேஜர் இரண்டு தடவை படித்தார். "ஆறு வருஷமா அதத்தானே குறைன்னு எழுதுனீங்க?"

"ஆமா சார். அந்தக் குறையத்தான் ஜனங்க ருசின்னு தின்னிருக்காங்க. எனக்குத்தான் தெரியாமப் போச்சு."

ஏசினார், ஆனால் அனுப்பவில்லை. உருளை பழைய இடத்துக்கே வந்தது. நாக்கக்கா ஓடிப்போய்ப் பார்த்தபோது, ஃபிட்டர் அண்ணன் சாணைக்கல்லும் கையுமாகக் கத்தியருகே உட்கார்ந்திருந்தார்.

"ஆறு வருஷமா கேட்டியேம்மா, மனசு கேக்கல. இன்னிக்கே தீட்டிடறேன்."

அவள் கல்லைப் பிடுங்கினாள்.

"நாளைக்குப் பாத்துக்கலாம்ண்ணே."