பிரின்ஸ் கேட்ட மணி

ஞாயிறு மாலை மூன்றரைக்குத் தேயிலைத் தோட்டத்து வாசிகசாலையில் இருந்தவர்கள்: பாயில் பிள்ளைகள் ஒன்பது பேர். முன் பெஞ்சில், வேலைக்குப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பிள்ளைக் காம்பராவில் பார்த்துக்கொள்ளும் ஆயா அழகம்மா. பின் பெஞ்சில் ஓய்வுபெற்ற கங்காணி வீரய்யா. டிவிக்குப் பக்கத்தில் வாசிகசாலைப் பொறுப்பாளரான நான்; பெயர் டெல்சி. கதவோரம் குதிரைக்காரன் சுதாகரன். வெளியே, ஜன்னல் கம்பியில் கட்டப்பட்டு, பிரின்ஸ்.

பிரின்ஸ் ஒரு குதிரை. நான்கு வருடத்துக்கு முன்புவரை நுவரெலியாவில் பந்தயம் ஓடியது. இப்போது ஏரிக்கரையில் சுற்றுலாப் பயணிகளைச் சுமக்கிறது. மழையில் சவாரி இல்லாத நாட்களில், முதலாளியின் அனுமதியோடு, சுதாகரன் அதைத் தோட்டத்துக்குக் கொண்டுவருவான்.

அன்று பிள்ளைகளுக்காகப் பழைய கார்ட்டூன் ஒன்றைப் போட்டேன். எலும்பும் தோலுமான ஒரு குதிரை பந்தயத்துக்கு வருகிறது. அதன் மேல் உட்கார்ந்தவனின் கால் தரையில் இழுபடுகிறது. பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள்.

"சத்தத்தைக் கூட்டுங்கக்கா," என்றான் சுதாகரன். கூட்டினேன். பந்தயம் தொடங்கும் மணி ஸ்பீக்கரில் கணகணவென்று அடித்தது.

வெளியே கயிறு சரசரவென்று உருவிக்கொண்டு போனது.

நாங்கள் ஓடி வந்தபோது பிரின்ஸ் விளையாட்டு மைதானத்தை வளைத்து ஓடிக்கொண்டிருந்தது. மைதானத்தின் கீழ்முனையில் வேலி இல்லை, இறங்கினால் தண்டவாளம். தலவாக்கலைப் பக்கமிருந்து ரயில் ஊதியது.

"மறிங்க! கீழ மறிங்க!" என்று கத்தினான் சுதாகரன்.

வீரய்யா பெஞ்சைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அழகம்மா பாயை விரித்துப் பிடித்தபடி இடைவெளியில் நின்றாள். பிரின்ஸ் நேராக அவளை நோக்கி வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள், நகரவில்லை. பத்தடி முன்னால் குதிரை திரும்பி மறுபடி வளைந்தது. கீழே ரயில் கடந்து போனது. மூன்றாவது சுற்று முடிந்ததும் பிரின்ஸ் தானாக நின்றது. முன்கால் முட்டியில் இரத்தம்.

கால் மணி நேரத்தில் சுதாகரனின் போனுக்கு முதலாளியின் அழைப்பு வந்தது. தோட்டத்தில் பந்தயம் வைத்துக் குதிரையை ஓட்டினார்கள் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். நாளைக் காலைக்குள் எழுத்தில் காரணம் வராவிட்டால் அவன் குதிரையை விட்டுவிட்டுப் போகலாம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

சுதாகரன் பெஞ்சில் உட்கார்ந்தான். "பந்தயம் ஓடுன காலத்துலருந்து, ஆறு வருசமா என் கையாலதான் தின்னுறான் அக்கா."

"காட்டுப்பன்னி வெரட்டுச்சுன்னு எழுது தங்கச்சி," என்றார் வீரய்யா. "கார்ட்டூன் பார்த்துக் குதிர ஓடுச்சுன்னா, முதலாளி நம்மளத்தான் கார்ட்டூனும்பாரு."

"பன்னிக்குப் பயந்த குதிரை நேரா ஓடுமா, கிரவுண்டை மூணு சுத்து சுத்துமா? குளம்படி அப்படியே கெடக்கு. அவர் வந்து பார்த்தா?" என்று கேட்டேன்.



"மணிக்குத்தான் ஓடுச்சான்னு நானே கண்ணால பார்க்காம எழுதமாட்டேன்," என்றேன். பிரின்ஸை வாசல் இரும்புத் தூணில் இரட்டைக் கயிறு போட்டுக் கட்டினார்கள். சுதாகரன் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டான். மணியை மட்டும் மறுபடி போட்டேன். காது இரண்டும் விறைத்தன. உடம்பு முழுவதும் முன்னால் பாய்ந்தது. கயிறு தாங்கியது. உடனே நிறுத்தினேன்.

எழுதத் தொடங்கினேன். யார் யார் எங்கே இருந்தோம் என்பதை முதலில் எழுதினேன். குதிரையின் மேல் ஒருவரும் இல்லை என்பதற்கு அதுதான் அத்தாட்சி. பிறகு சுதாகரனிடம் கேட்டேன், "தூண் இருக்க ஜன்னல்ல ஏன்டா கட்டுன?"

அவன் தலையைக் குனிந்தான். "அவனும் பார்க்கட்டும்னு. முகம் உள்ள தெரியணும்னு லேசா ஒரு சுருக்குதான் போட்டேன்."

"போச்சு!" என்றாள் அழகம்மா. "அத எழுதுனா வேல போயிரும்மா. அந்த வரி வேணாம்."

நான் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி அவனைப் பார்த்தேன். அவன் வெளியே, பிரின்ஸின் முட்டியில் சுற்றிய துணியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எழுதுங்கக்கா. காயம் என்னாலதான்."

எழுதினேன். வாசித்துக் காட்டினேன். மூவரும் ஒப்பமிட்டார்கள், கடைசியாக நானும். உறையை ஒட்டி, ஓரத்தை விரலால் இருமுறை அழுத்தினேன். நுவரெலியா போகும் ஐந்தரை பஸ் வளைவில் ஹோர்ன் அடித்தது. சுதாகரன் ஓடிப்போய், முதலாளியின் கையில்தான் கொடுக்கவேண்டும் என்று சொல்லி, உறையைக் கண்டக்டரிடம் நீட்டினான்.