ஜாக்கெட் என்று எழுத முடியாத கதை

1.

இது கதையாக இருந்திருக்க வேண்டியதில்லை. ஆக்லாந்தில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரைத் தொகுக்கும், பக்குரங்காவில் குடியிருக்கும் சுந்தரமூர்த்தி சார் என்னிடம் கேட்டது ஒரு பக்கக் கட்டுரை. தலைப்பையும் அவரே கொடுத்துவிட்டார்: 'குளிர்காலத்தில் ஓடுவோர் அணிய வேண்டியவை'. புதிதாக வந்து இறங்கும் பிள்ளைகளுக்குப் பயன்படும் என்றார். நான் ஓடுகிறவன் இல்லை என்றேன். உங்கள் வீட்டில் ஓடுகிறார்களே, அது போதும் என்றார்.

எழுத உட்கார்ந்தேன். நன்றாகவே போனது.

"பருத்தி கூடாது. பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு, விருந்துக்கு வந்த மச்சினனைப் போல அப்படியே உட்கார்ந்துகொள்ளும். உடம்பை ஒட்டி மெரினோ கம்பளியில் மெல்லிய உள்சட்டை. அதன் மேல் காற்றைத் தடுக்கும் ஜாக்கெட். காதுக்குப் பட்டை, கைக்கு உறை. வாசலில் நிற்கும்போது கொஞ்சம் குளிர வேண்டும். குளிரவில்லை என்றால் அதிகம் போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். உடம்பு சூடானதும் ஜாக்கெட்டைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு"

இந்த இடத்தில் கட்டுரை நின்றுவிட்டது. ஏனென்றால் எங்கள் வீட்டில் ஓடுகிறவள் அதைக் கழற்றுவதில்லை. காரணம் எனக்குத் தெரியும். அந்தக் காரணத்துக்குக் கட்டுரையில் இடமில்லை. அதனால் கதை.

(பாதிக் கட்டுரையை அனுப்பியிருந்தேன். சார் 'மெரினோ'வை எல்லா இடத்திலும் 'மெரினா' என்று திருத்தியிருந்தார். மெரினா அணிந்து ஓடுவது நலம்.)

ஒரு எச்சரிக்கை. சதுர அடைப்புக்குறிக்குள் வருபவை என்னுடையவை அல்ல. யாரை வைத்து இந்தக் கதையின் நாயகி எழுதப்பட்டாளோ, அவள், அதாவது என் மனைவி, தன் போனில் இந்தக் கோப்பைத் திறந்து எழுதியவை. அவற்றை நீக்க எனக்கு அனுமதி கிடையாது.

[நீக்கிப் பாருங்க.]

2.

முதல் தொடக்கம்: 'ஆறு டிகிரி. சாந்தகுமாரி அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.'

[சாந்தகுமாரின்னு பேர் வச்சவங்க யாராவது ஓடுவாங்களா? உக்காந்து வெங்காயம் உரிப்பாங்க.]

அதனால்தான் அந்தப் பெயர். நாங்கள் குடியிருக்கும் ஹில்ஸ்பரோவில் யார்மேலும் சந்தேகம் வராது.

இரண்டாவது தொடக்கம்: 'மனுக்காவ் துறைமுகத்திலிருந்து ஏறி வரும் காற்று, ஹில்ஸ்பரோ மேட்டில் வீடு வீடாகக் கதவைத் தட்டி' வேண்டாம். சொல்ல வேண்டியதைச் சொல்லப் பயமாக இருக்கும்போதுதான் எழுதுகிறவன் காற்றைப் பற்றி எழுதுவான்.

மூன்றாவது தொடக்கம், இதுதான் நிற்கிறது:

போன ஆண்டு சாந்தகுமாரிக்கு மார்பில் புற்றுநோய் வந்தது. இடது மார்பை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். சிகிச்சை முடிந்து, இனி நடக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். பல் மருத்துவமனை ஒன்றின் வரவேற்பு மேசையில் நாள் முழுவதும் உட்கார்ந்து வேலை செய்கிறவள், நடந்து பார்த்தாள். நடப்பது அவளுக்கு அலுத்தது. நடக்கும்போது யோசனை வந்தது. ஓடினால் மூச்சுதான் வந்தது, யோசனை வரவில்லை. எனவே ஓடினாள்.

மார்புக்குப் பதிலாக வைத்துக்கொள்ளச் சிலிக்கானில் ஒன்று கொடுத்திருந்தார்கள். கோயிலுக்கும் வேலைக்கும் அது போதுமானதாக இருந்தது. ஓட்டத்துக்கு ஒத்து வரவில்லை. அவள் ஒரு அடி வைத்தால் அது அரை அடி பின்னால் வந்தது. இழுப்பறையில் வைத்துவிட்டு ஓடினால் சட்டை ஒரு பக்கம் தட்டையாக விழுந்தது. தொளதொளவென்று ஒரு ஜாக்கெட்டைப் போட்டு, சங்கிலிப்பல்லைக் கழுத்துவரை இழுத்துவிட்டால் எதுவும் தெரியவில்லை. ஆக்லாந்தில் எல்லோரும் கோடைக்குக் காத்திருந்தார்கள். சாந்தகுமாரி, இங்கே குளிர் தொடங்கும் ஜூன் மாதத்துக்குக் காத்திருந்தாள்.

[இது சரி.]

[சங்கிலிப்பல்னா என்ன? ஜிப்பா?]

ஜிப்தான்.

ஆனால் குளிரில் ஓடுகிறவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. அவர்களுக்குக் குளிர்வது முதல் சில நிமிடங்கள்தான்.

3.

சனிக்கிழமை காலைகளில் ஒனிஹங்கா கடலோரப் பாதையில் ஓடும் குழு ஒன்றில் சாந்தகுமாரி சேர்ந்திருந்தாள். குழுவைக் கூட்டிக்கொண்டு ஓடுபவர் ஊர்மிளா. தமிழ் வம்சாவளி ஃபிஜிக்காரர், ரானுயியில் வீடு, வீடுகளைச் சூடாக்கும் ஹீட் பம்ப் பொருத்துவது தொழில். அவர் பேசுவது ஆங்கிலம். அதில் மிச்சமிருக்கும் ஒரே தமிழ்ச் சொல் 'அக்கா'. என் தமிழாக்கத்தில் அவர் உண்மையில் இருப்பதைவிடக் கொஞ்சம் மரியாதையானவராகத் தெரியக்கூடும்.

நடைபாலத்தைத் தாண்டியதும் எல்லோரும் ஜாக்கெட்டைக் கழற்றி இடுப்பில் கட்டுவார்கள். அது ஒரு சடங்குபோல நடக்கும். சாந்தகுமாரி மட்டும் ஜிப்பை இன்னும் மேலே இழுத்துவிடுவாள். இரண்டாவது கிலோமீட்டரில் உள்சட்டை நனைந்து முதுகில் ஒட்டும். மூன்றாவதில் முகம் எரியும். குளிர் தாங்காத உடம்பு எனக்கு, திருச்சிக்காரி என்று சொல்லிச் சிரிப்பாள். மற்றவர்களும் சிரிப்பார்கள். திருச்சி எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது.

போன சனிக்கிழமை அந்தச் சிரிப்பு பலிக்கவில்லை. பாதி வழியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஊர்மிளா தண்ணீர் கொடுத்துவிட்டு, காற்றுப் படட்டும் அக்கா என்று ஜிப்பில் கை வைத்தார். சாந்தகுமாரி அந்தக் கையைத் தள்ளிவிட்டாள்.

[தள்ளல. தட்டிவிட்டேன். சத்தம் கேட்டுச்சு.]

தட்டிவிட்டாள். சத்தம் கேட்டது. ஊர்மிளா மன்னிப்புக் கேட்டார், எதற்கென்று தெரியாமலே. அதுதான் சாந்தகுமாரிக்குத் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றும்போதே முடிவு செய்தாள்: அடுத்த சனிக்கிழமை ஜாக்கெட் இல்லாமல் போவது, இல்லையென்றால் இனி போகவே வேண்டாம். இதற்கு மேல் அந்தத் துணிக்குள் வெந்துகொண்டிருக்க முடியாது.

ஓட்டத்தை விட்டுவிட்டால் அவளுக்கு மறுபடியும் நடைதான். நடந்தால் யோசனை வரும்.

4.

இதுவரை எழுதியதைச் சுந்தரமூர்த்தி சாருக்கு அனுப்பினேன். அன்றே போன் செய்தார். நலம் விசாரித்தார். கதை உருக்கமாக இருப்பதாகச் சொன்னார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சார், கடைசியில அந்த அம்மா நடு வழியில ஜாக்கெட்டைக் கழட்டுவாங்கன்னு போற மாதிரி இருக்கு. குடும்பம் குடும்பமா படிக்கிற புஸ்தகம். ஜாக்கெட்டுன்னா நம்ம ஆளுங்களுக்கு என்ன தோணும்னு உங்களுக்கே தெரியும்."

தெரியும். இந்த ஊரில் ஜாக்கெட் என்றால் மழைக்குப் போடுவது. நம் ஊரில் சேலைக்குள் போடுவது. ஒரு பெண் அதைக் கழற்றினாள் என்று ஓர் ஆண் தமிழில் எழுதிவிட்டு, ஆறு டிகிரி குளிர் என்று அடிக்குறிப்புப் போட்டுத் தப்பிக்க முடியாது. வேறு சொற்களை முயன்றேன். 'மேலங்கி' என்றால் ரோமாபுரிச் சிப்பாய் வந்து நிற்கிறார். 'கோட்' என்றால் வக்கீல். 'ஸ்வெட்டர்' பொய், அவள் போடுவது கம்பளி இல்லை. 'விண்ட்சீட்டர்' என்று போட்டேன். ஊட்டிக்குச் சுற்றுலா போன குடும்பம் ஒன்று படகுத்துறையில் வரிசையாக நின்றது. எதுவும் சாந்தகுமாரிக்குச் சேரவில்லை.

இரண்டு நாள் இதிலேயே போனது. பிறகுதான் உறைத்தது. சுந்தரமூர்த்தி சாரின் பயம் தப்பு இல்லை. இந்தக் கதையில் அந்த இரண்டு ஜாக்கெட்டும் ஒன்றுதான். எதைக் கழற்றினாலும் தெரியப்போவது அந்தத் தட்டையான பக்கம்தான்.

[ரெண்டு நாளா இதத்தான் யோசிச்சீங்களா. நான் காய்கறி வாங்கிட்டு வரச் சொன்னேன்.]

5.

இனி கணவர். கதையில் அவருக்கு மதன்குமார் என்று பெயர் வைத்தேன். இந்தப் பாத்திரத்தின்மேல் எனக்குத் தொடக்கத்திலிருந்தே சந்தேகம். ரொம்ப நல்லவராக இருக்கிறார்.

'மதன்குமார் விடியற்காலையில் எழுந்து அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தான்.'

[எப்போ?]

'மதன்குமார் தூங்கிக்கொண்டிருந்தான்.' சரி. இன்னும் வராத வெள்ளிக்கிழமை மாலைக்கு வருவோம்.

வெள்ளிக்கிழமை மாலை சாந்தகுமாரி நாளைக்கான உடைகளைக் கட்டிலில் பரப்பினாள். நீண்ட கை மெரினோ. அது உடம்பை ஒட்டும், எல்லாம் தெரியும். அதன் மேல் பெரிய டி-சட்டை. காற்றடித்தால் அதுவும் ஒட்டும். இரண்டு டி-சட்டை. அதற்கு ஜாக்கெட்டே தேவலை. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. 'அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவள் கணவன் எதிரில் உடை மாற்றுவதில்லை. மதன்குமார் அந்தக் கூச்சத்தை மதித்தான். ஒன்றும் கேட்காமல் வெளியே போய், கதவை மெல்லச் சாத்தினான்.'

இந்த வாக்கியத்தை எழுதிவிட்டு எனக்கே கொஞ்சம் கண் கலங்கியது. நல்ல வாக்கியம். அதற்குக் கீழே மறுநாள் இது இருந்தது:

[எனக்குக் கூச்சம்னு உங்களுக்கு யாரு சொன்னா? நான் ஒரு தடவையும் சொல்லல. ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னைக்கு நைட்டி மாத்தணும்னு எழுந்தேன். நீங்க குக்கர் அடுப்புல இருக்குன்னு வெளிய போனீங்க. அதுக்கப்புறம் நான் அலமாரியத் தொட்டாலே நீங்க எழுந்துக்கிறீங்க. நீங்களே பாக்க மாட்டேங்கிறத ஊர்மிளா பாக்கணுமா?]

இதைப் பலமுறை படித்தேன். மறுத்து எழுத ஆரம்பித்தேன். 'அது அப்படி இல்லை, உனக்கு' என்று தொடங்கியது இன்னும் கோப்பில் எங்கோ கிடக்கிறது.

அவள் சொல்வது உண்மை. ஒரு வருடமாக எங்கள் வீட்டில் நான் போய் அணைக்காத குக்கர் இல்லை. மதித்தேன் என்று எழுதியது நான்தான். அங்கே இருந்தது பயம். அவளைப் பார்த்து என் முகத்தில் என்ன வருமோ, அதை அவள் பார்த்துவிடுவாளோ என்ற பயம். எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு உட்கார்ந்து, வேறென்ன செய்வது என்று தெரியாமல், முடிவுகள் எழுதினேன்.

6.

(அ) பாலம் வந்தது. சாந்தகுமாரி ஜிப்பை இறக்கினாள். எல்லோரும் தங்கள் ஜாக்கெட்டைக் கட்டும் மும்முரத்தில் இருந்தார்கள். யாரும் கவனிக்கவில்லை. அவளுக்குக் குளிர் விட்டுப் போயிற்று.

[சிலேடை வேண்டாம். யாரும் கவனிக்காம இருப்பாங்களா?]

(ஆ) ஒருத்தி பார்த்தாள். பார்த்துவிட்டு உடனே கடலைப் பார்த்தாள். சாந்தகுமாரி அவளைத் தாண்டி ஓடினாள்.

[இது நடக்கும். ஆனா கடலப் பாக்கிறது ஊர்மிளாவா இருக்கக் கூடாது.]

(இ) வாசலில் நின்றாள். ஆறு டிகிரி. உள்ளே திரும்பிப் போனாள்.

அதன் கீழே அவள் ஒன்றும் எழுதவில்லை. எழுதுவாள் என்று காத்திருந்தேன். இந்த மூன்றில் அவள் நம்புவது அதைத்தான் என்று புரிந்தது.

(ஈ) மதன்குமார்

(ஈ) மதன்குமாரும் அவளோடு ஓடி வந்தான்.

[பொய். நீங்க படி ஏறினாலே மூச்சு வாங்குது.]

நான்கையும் அடித்துவிட்டேன். சுந்தரமூர்த்தி சாருக்கு, கதை முடியவில்லை, கட்டுரையையே போட்டுக்கொள்ளுங்கள், மெரினாவை மட்டும் மெரினோ ஆக்கிவிடுங்கள் என்று எழுதினேன். அடித்த இடத்துக்குக் கீழே காலையில் ஒரு வரி வந்திருந்தது.

[கதையே போகட்டும். ஜாக்கெட்டுன்னே போடுங்க.]

7.

இன்று சனிக்கிழமை. விடிந்துகொண்டிருக்கிறது. என் மேசை படுக்கையறை மூலையில் இருக்கிறது. மூன்றாவது அறையை இஸ்திரிப் பலகை எடுத்துக்கொண்டு வருடங்கள் ஆகின்றன. ஆகவே இதைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்தப் பகுதியில் சாந்தகுமாரி இல்லை. மதன்குமார் இல்லை. அவர்களால் இதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது.

குளியலறைக் கதவு திறந்தது. அவள் வந்து அலமாரியைத் திறந்தாள். என் கால்கள் பழக்கத்தில் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளத் தொடங்கின.

"இன்னைக்குக் குக்கர் வைக்கல," என்றாள்.

நாற்காலி நின்றது. துணிகள் கட்டிலில் விழும் சத்தம் கேட்கிறது. நான் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். எழுதுகிற வரைக்கும் திரும்ப வேண்டியதில்லை என்பது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். இந்தப் பத்தியை வேண்டுமென்றே நீட்டுகிறேன். குளிருக்குக் கை விறைக்கிறது. வெளியே இன்னும் முழு வெளிச்சம் வரவில்லை. மெரினோ என்பது ஒருவகை ஆட்டின்

"எதப் போட்டுக்கிட்டா நல்லாருக்கும்னு சொல்லுங்க," என்றாள். "பாத்துதான் சொல்லணும்."

வாசகரே, முடிவை உங்களிடம் விட்டுவிடுகிறேன். ஆறு டிகிரியில், காற்றுள்ள கடலோரத்தில், அவள் எதை அணிந்து ஓடலாம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். கட்டுரை முதல் பகுதியில் இருக்கிறது. எனக்கு இப்போது நேரமில்லை, நான் நாற்காலியைத் திருப்பி