துரையின் வயிறு

அந்த வீட்டு நாய்க்குத் துரை என்று பெயர். வயிறும் துரைத்தனமானதுதான். எண்ணெய் பட்டால் போச்சு, பால் வாடை பட்டால் போச்சு, கூடத்துக் கம்பளம் நாசம். குடல் நோஞ்சான், ஆயுசுக்கும் பத்தியம்தான் என்று கால்நடை டாக்டரம்மா சொல்லிவிட்டார். உப்பில்லாமல் வேகவைத்த கோழி, குழைந்த சோறு, காலையும் மாலையும் ஒரு மாத்திரை.

பத்தியத்தைக் கையில் எடுத்துக்கொண்டவர் வீட்டுக்காரர். ரயிலில் டிக்கெட் பரிசோதகர். இருபத்தாறு வருஷமாக மனிதர்களைச் சந்தேகப்பட்டே சம்பளம் வாங்கியவர்; விட்டால் எஞ்சின் டிரைவரிடமே டிக்கெட் கேட்பார். கோழியை அவரே நிறுத்து, அவரே வேகவைத்து, அவரே ஊட்டினார். மாத்திரையும் அவர் கையால்தான்.

அப்படியும் துரைக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. "அடுத்த செவ்வாய்க்குள்ள எடை ஏறலைன்னா அட்மிட் பண்ணித்தான் ஆகணும். இந்த வயசுல அது தாங்குமான்னு சொல்ல முடியாது" என்றார் டாக்டரம்மா. மறுநாள் ஸ்டேஷன் ஓய்வறையில் முகம் கழுவுகிற சாக்கில் பரிசோதகர் அழுதார்.

வீட்டில் இருப்பது இரண்டே பேர். ஒருவர் அவர். அவர் நாய்க்குத் திருட்டுத்தனமாக எதையும் போடமாட்டார். விசாரணை அதோடு முடிந்தது.

"இன்னிக்கு ஏதாவது போட்டியா?"

"இல்லீங்க."

"கையைக் காட்டு."

மனைவி நீட்டினாள். முகர்ந்து பார்த்தார். சோப்பு வாசனை. அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது. இந்த நேரத்தில் எதற்குக் கை கழுவினாள்? பள்ளிக்கூடத்தில் அறுபது பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்கார வைக்கிற டீச்சர் அவள். இங்கே ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அதையே ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டார் மனிதர்.

செவ்வாய்க்கிழமை தராசில் துரை இன்னும் நானூறு கிராம் குறைந்திருந்தது.

"வீட்டுல ஒரு கை திருட்டுத்தனமா நீளுது டாக்டர்" என்றார் பரிசோதகர்.

"அது இருக்கட்டும். நீங்க என்ன குடுக்குறீங்க?"

கோழி, சோறு, நேரம், அளவு எல்லாம் ஒப்பித்தார்.

"மாத்திரை கசக்குமே, எப்படி முழுங்குது?"

பரிசோதகர் முகம் மலர்ந்தது. "அதுக்கெல்லாம் கைப்பழக்கம் வேணும் டாக்டர். ஒரு துண்டு சீஸ்ல சுருட்டி நீட்டினா, லபக்குன்னு..."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "பாலும் கொழுப்பும் ஆகாதுன்னு சொன்னேனே சார்?"

"அது சாப்பாடு இல்லையே டாக்டர், மாத்திரைதானே."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. தராசருகே நின்ற கம்பவுண்டர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். துரை மட்டும் வாலை ஆட்டியது. சீஸ் என்றால் அதற்குத் தெரியும்.

"இனிமே கோழித் துண்டுல சுருட்டிக் குடுங்க. இன்னும் ஒரு வாரம் பார்ப்போம், தேறிடும். அட்மிட் பண்ண வேண்டாம்."

வீடு வரும்வரை, டிக்கெட் இல்லாத பயணிகள் சொன்ன சாக்குகள் எல்லாம் அவர் நாக்கு நுனிக்கு வந்தன. ஒன்றும் உதவாது என்று பட்டது. வாசலிலேயே சொல்லிவிட்டார்.

"நான்தான். மாத்திரையைச் சீஸ்ல வெச்சுக் குடுத்தேன். அதுதான் காரணமாம். உன் மேல தப்பே இல்ல."

அறுபது பிள்ளைகளுக்கான அதட்டல் தனக்கு விழப்போகிறது என்று காத்திருந்தார். அவளோ நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நிஜமாவா? நான் இல்லையா?"

"நீ இல்ல."

"ஒரு நாள் பாவமா பாத்துச்சேன்னு ஒரு வாய் ரொட்டி போட்டுட்டேங்க. ஒரே ஒரு வாய்தான். என்னாலதான் சாகப்போகுதுன்னு மூணு வாரமா..." முடிக்க முடியாமல் துரையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். சிரித்தாள், கண்ணீரும் வந்தது.

பரிசோதகருக்கு நிற்கவே கூசியது. துரையின் தட்டை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தார்.

"இனிமே நீயே வை. என்னை ரெண்டு வார்த்தை திட்டிடேன்."

"நாளைக்குத் திட்டுறேங்க" என்றாள். "இன்னிக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கேன்."