எறும்பு விட்ட பால்

பித்தளைக் கிண்ணத்துப் பாலில் கட்டெறும்பு ஒன்று காலை உதறிக்கொண்டு சுற்றி வந்தது. தனம் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். கட்டிலில் கிடந்த மருமகள் பஞ்சவர்ணமும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்த்தாள். அது அவள் மார்பிலிருந்து பீச்சிய பால். எறும்பு கொஞ்ச நேரம் தத்தளித்தது. பிறகு கால் மடங்கி மிதந்தது.

"செத்துப்போச்சு" என்றாள் தனம். "வெசப்பாலு. புள்ள வாயில வச்சிராத."

ஆண்டிமடத்துப் பக்கம் முந்திரிக் கொல்லையும் நிலமுமாக வாழ்ந்த அந்தக் குடும்பத்தில், பிள்ளை பெற்றவளின் பாலை இப்படித்தான் சோதிப்பார்கள். எறும்பு கிண்ணத்து ஓரத்தைப் பிடித்து ஏறிவிட்டால் நல்ல பால், செத்தால் விஷப்பால். தேய்த்துத் தேய்த்து வழவழவென்று இருந்த கிண்ணத்தில் எந்த எறும்புதான் ஏறும்? அதைக் கேட்க அந்த வீட்டில் யாருக்கு வாய் இருந்தது! பஞ்சவர்ணத்துக்குத் தாய் இருந்திருந்தால் தலைப்பிரசவம் தாய் வீட்டில் நடந்திருக்கும், அவளுக்காகச் சண்டை போடவும் ஒரு ஆள் இருந்திருக்கும். பாவி மகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

கணவன் வைத்திலிங்கம் அரியலூர் டவுனுக்குப் போய்ப் பால்பவுடர் டப்பா வாங்கி வந்தான். டப்பாவின் மேல் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை கன்னம் பிதுங்கச் சிரித்தது. தனத்துக்கு அதில் பெருமை பிடிபடவில்லை. "எம் பேரன் டப்பாப்பாலு குடிக்கிறான். இந்தத் தெருவுல யாரு வூட்டுல முடியும்?" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னாள். மருமகளின் மார்பில் மல்லிகைப் பூவை அரைத்து வைத்துக் கட்டினாள். பால் வற்ற வேண்டுமாம். மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டது, காய்ச்சல் அடித்தது. பஞ்சவர்ணம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

டப்பாப்பால் குடித்த பிள்ளையோ நாளுக்கு நாள் வற்றினான். சீசாவை வாயில் வைத்தால் கக்கினான், குடித்தது தண்ணீராகப் போயிற்று. அழுவதற்குக்கூடத் தெம்பில்லாமல் முனகினான்.

கொல்லைப்புறத்தில் மாட்டுக்கொட்டகை. சாணி அள்ள வருகிற குஞ்சம்மாளும் அதே மாதத்தில்தான் பிள்ளை பெற்றிருந்தாள். வேலைக்கு நடுவே கையைக் கழுவிக்கொண்டு, புங்கமரத்துத் தூளியிலிருந்து மகனைத் தூக்கி மடியில் போட்டுப் பால் கொடுப்பாள். அவன் சப்பும் சத்தம் ஜன்னல்வரை கேட்கும். தொடையில் மடிப்பு, கையில் மடிப்பு. பஞ்சவர்ணம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்ப்பாள். வயிறு எரியும். கூழைக் குடித்துவிட்டு வேலை செய்கிறவளுக்குப் பால் சுரக்கிறது, பிள்ளை தேறுகிறது. நெய்யும் கறியும் தின்கிற எனக்கு மட்டும் விஷமா? அவளைக் கண்டாலே ஆகவில்லை. அந்தப் பிள்ளையைக் கண்டால் அதைவிட ஆகவில்லை. கடவுளே, அதற்கு ஒரு காய்ச்சலாவது வரக் கூடாதா என்றுகூட ஒருநாள் நினைத்துவிட்டாள். நினைத்த கையோடு கன்னத்தில் போட்டுக்கொண்டாள், ஆனாலும் எரிச்சல் அடங்கவில்லை.

அன்று காலை தன் பிள்ளை கண்ணே திறக்கவில்லை. கொல்லையிலோ அந்தச் சப்பும் சத்தம். பஞ்சவர்ணத்துக்குப் பொறுக்க முடியவில்லை. பின்கட்டுக்கு வந்து நின்றாள்.

"ஏய் குஞ்சம்மா! நாளையிலேருந்து புள்ளையத் தூக்கிட்டு வராத."

"வூட்டுல பாத்துக்க ஆளில்லீங்க சின்னம்மா. பசியாறணுமே அது?"

"என்னா பெரிய பாலு? எறும்பு விட்டுப் பாப்போம் பீச்சு. செத்துச்சுன்னா புள்ள இந்தப் பக்கம் வரக் கூடாது."

குஞ்சம்மாள் பயந்துபோய், புழங்கிப் புழங்கி வழவழத்துப்போன ஒரு கொட்டாங்குச்சியில் பீச்சினாள். அந்த வீட்டுப் பாத்திரம் அவள் கைக்கு வராது, குடிக்கிற தண்ணீரும் கொட்டாங்குச்சியில்தான். பஞ்சவர்ணம் கட்டெறும்பைப் பிடித்துத் தன் கையாலேயே போட்டாள். சாவு, சாவு என்று மனசுக்குள் சொன்னாள். எறும்பு தத்தளித்தது. செத்தது.

"செத்துச்சு பாத்தியா! ஒம் பாலும் வெசந்தான்டி!"

எத்தனை நாளைக்குப் பிறகு வந்த சந்தோஷம்! குஞ்சம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, எம் புள்ளைக்கு என்னா ஆவும் சின்னம்மா?"

அவள் மடியில் கிடந்த பிள்ளை, வாயோரம் பால் வழிய, காலை உதைத்துச் சிரித்தான். பஞ்சவர்ணம் அவனைப் பார்த்தாள். செத்த எறும்பைப் பார்த்தாள். மறுபடி அவனைப் பார்த்தாள். சந்தோஷம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

விறுவிறுவென்று உள்ளே போனாள். தனம் அப்போதுதான் டப்பாப்பாலைக் கரைத்து ஆற வைத்திருந்தாள். பஞ்சவர்ணம் அதைப் பித்தளைக் கிண்ணத்தில் ஊற்றி இன்னொரு எறும்பைப் போட்டாள். அதுவும் செத்தது.

"இதுவும் வெசந்தானா அத்த?"

"கிறுக்கு புடிச்சுப்போச்சா ஒனக்கு? டப்பாப்பாலுக்கு எறும்பு விட்டுப் பாக்கற வழக்கம் கெடையாதுடி."

பஞ்சவர்ணம் மார்புக் கட்டை அவிழ்த்து வீசினாள். வாடிய மல்லிகை அடுப்படியெல்லாம் நாறியது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போய்க் குஞ்சம்மாளுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். பிள்ளை முதலில் தலையைத் திருப்பினான். கீழே சொட்டிய துளி உதட்டில் பட்டதும் பற்றிக்கொண்டான். உயிர் போகிற வலி. அவள் விடவில்லை. கல்லாகக் கிடந்த மார்பு கொஞ்சம் கொஞ்சமாக இளகியது.

"வேணாம்டி, கொன்னுடாத அவன!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்தாள் தனம்.

"எறும்புக்கு நீச்சல் தெரியல அத்த. அதுக்கு எம் புள்ளையா பட்டினி கெடக்கணும்?"

தனம் பிள்ளையைப் பிடுங்கக் கையை நீட்டினாள். அவன் மடக்மடக்கென்று விழுங்கிக்கொண்டிருந்தான். நீட்டிய கை அப்படியே நின்றது.

"எனக்கும் செத்துத்தான்டி போச்சு" என்றாள் தனம் மெதுவாக. "ஒவ்வொரு புள்ளைக்கும் எறும்பு விட்டுப் பாத்தாங்க. ஆட்டுப்பாலு ஊத்திக் கடேசியில தங்குனது இவன் அப்பன் ஒருத்தன்தான்."

அப்புறமும் அவள் உள்ளே போகவில்லை. பேரன் வாயையும் மருமகள் மார்பையும் வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வை பஞ்சவர்ணத்துக்கு நன்றாகத் தெரியும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இத்தனை நாளும் அவளும் அப்படித்தான் பார்த்திருந்தாள்.