அத்தானுக்கு விழுந்த ஒரு ஓட்டு

எங்கள் கட்சி தொடர்ந்து மூன்று தேர்தல்களில் மண்ணைக் கவ்வியிருந்தது. நாலாவதற்கு ஆறு வாரம் இருக்கும்போதுதான், தலைவரை மாற்றினால் என்ன என்ற ஞானோதயம் எங்களுக்கு வந்தது. தலைவர் வேறு யாருமில்லை, என் அக்கா வீட்டுக்காரர். வேலையில்லாமல் ஊர் சுற்றிக்கொண்டிருந்த என்னைக் கட்சிக்குள் இழுத்துவந்து, மைக் பிடிக்கக் கற்றுக்கொடுத்து, செயற்குழுவில் உட்காரவைத்தவர். அவரை மாற்றலாம் என்று முதல்முறை என் காதைக் கடித்தவர்களிடம் சண்டைக்குப் போனேன். இரண்டாம் முறை பேசாமல் கேட்டுக்கொண்டேன். மூன்றாம் முறை நானே அவர்களுக்குப் போன் செய்தேன்.

செயற்குழுவில் தலைவர் நீங்கலாகப் பதினொரு பேர். எங்கள் கட்சியில் இப்படிப்பட்ட விஷயத்துக்குக் கை தூக்கும் வழக்கம் இல்லை. ஆளுக்கொரு துண்டுத்தாளில் ‘தொடரட்டும்’ அல்லது ‘மாறட்டும்’ என்று கைப்பட எழுதி, மடித்து, ஒரு பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும். ஒருவர் மட்டும் பிரித்து எண்ணுவார். எண்ணியதும் எல்லாவற்றையும் கிழித்துவிடுவார். யார் என்ன எழுதினார் என்று பின்னால் யாரும் நோண்டக்கூடாது. அன்றைக்கு எண்ண என்னைத்தான் சொன்னார்கள். மைத்துனன் என்று அத்தான் நம்பினார். மற்றவர்களும் என்னை நம்பினார்கள், அவர்கள் நம்பியதற்குக் காரணம் வேறு.

எழுதுவதற்கு முன் எல்லோரும் பேசினார்கள். “அண்ணே, உசிரு இருக்கிறவரைக்கும் நீங்கதான் தலைவர்” என்று ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. செயலாளர் மட்டும் வேறு மாதிரி. பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், எங்களுக்கு டீச்சர். அத்தானை நேருக்கு நேர் இரண்டு வருஷமாகக் கிழித்துத் தோரணம் கட்டுபவர். அன்றும் விடவில்லை. “உங்க பேச்சைக் கேட்டா உங்களுக்கே கொட்டாவி வருதுங்க” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

தாள்களைப் பிரித்தேன். மாறட்டும், மாறட்டும், மாறட்டும். என்னுடையதும் வந்தது, அதை மட்டும் வேகமாகக் கவிழ்த்தேன். ஒன்பதாவது தாளில் ‘தொடரட்டும்’ என்றிருந்தது. கரும்பலகை எழுத்து, ஒவ்வொன்றும் ஒரே உயரம், அளவுகோல் வைத்தது போல நேர்கோடு. பன்னிரண்டு வருஷமாகக் கூட்டக் குறிப்பேட்டில் நான் பார்த்துவரும் எழுத்து. டீச்சருடையது. மாறட்டும் பத்து, தொடரட்டும் ஒன்று என்று அறிவித்துவிட்டு, மற்ற பத்தோடு சேர்த்து அதையும் கிழித்தேன்.

அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. “ஒண்ணாவது இருக்கே” என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று எனக்குத் தெரியும், ஆறுதல் சொல்ல இல்லை. அக்கா அழுது முகம் வீங்கியிருந்தாள். செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டேன்.

“அந்த ஒண்ணு என்னோடது அத்தான்.”

“இதைச் சொல்லவா வந்தே? மத்தியானத்துலேர்ந்து நாலு பேர் போன் பண்ணி இதையேதான் சொல்றாங்க. ஒருத்தனையும் நம்பல. உன்னைக் கேக்கவே வேண்டாம்னு அப்பவே உங்கக்காகிட்ட சொல்லிட்டேன்.”

அக்கா என் தலையைத் தடவினாள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் அவள் போட்ட சோற்றைச் சாப்பிட்டேன், மறுசோறும் வாங்கிக்கொண்டேன்.

அதோடு போயிருந்தால் சின்னப் பொய். அடுத்த வாரம் வேட்பாளர்களை முடிவு செய்யக் கூடினோம். எங்களுக்கு நிச்சயம் ஜெயிக்கிற ஒரே தொகுதி அத்தானுடையது. அவர் இனி நிற்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டதால், அந்தத் தொகுதியை யாருக்குக் கொடுப்பது என்பதை அவரே சொல்லட்டும் என்றார் புதுத் தலைவர், குற்ற உணர்ச்சியில். டீச்சர் அந்தத் தொகுதிக்காரர், இரண்டு தடவை கேட்டுக் கிடைக்காதவர்.

அத்தான் எழுந்து என் தோளில் கைவைத்தார். “அத்தனை பேரும் என்னைக் கைகழுவினப்போ கூட நின்னவன் இவன் ஒருத்தன்தான். என் இடம் இவனுக்கு.” பிறகு டீச்சர் பக்கம் திரும்பினார். “மூஞ்சிக்கு நேரா திட்டினவங்க டப்பாவுல என்ன போட்டிருப்பாங்கன்னு எனக்குத் தெரியாதா?”

டீச்சர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். கடைசி நிமிஷத்தில் எனக்கு மனசு மாறிவிட்டது என்று மற்றவர்கள் நினைத்தார்கள். “என்ன இருந்தாலும் சொந்தமில்லையா” என்று ஒருவர் என் முதுகைத் தட்டினார். இப்போது வாயைத் திற என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திறந்தேன். “ரொம்ப நன்றி அத்தான்” என்று வந்தது.

கூட்டம் கலைந்ததும் டீச்சர் என்னைத் தாழ்வாரத்தில் நிறுத்தினார்.

“எண்ணும்போது என் எழுத்து தெரிஞ்சிருக்குமே தம்பி.”

“தெரிஞ்சுது.”

“சரி.”

“நீங்க ஏன் டீச்சர் அவருக்குப் போட்டீங்க?”

“அவரு நல்லாப் பேசறாருன்னா போட்டேன்? தேர்தலுக்கு ஆறு வாரம் இருக்கறப்போ ஆளை மாத்தினா நாம பயந்து சாகறோம்னு ஊருக்கே தெரிஞ்சிடும். கணக்கு அவ்ளோதான்.”

“அவர்கிட்ட சொல்லிடுங்களேன்” என்றேன். அதையும் அவர் தலையில்தான் கட்டப் பார்த்தேன்.

“நான் சொன்னா நம்புவாரா? தாளையெல்லாம்தான் கிழிச்சாச்சே.” குறிப்பேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டார். “வேட்புமனுவுல ஒட்ட போட்டோ வேணும். நாளைக்குக் கொண்டாங்க.”

கொண்டுபோய்க் கொடுத்தேன். மனுவை அவரே ஒரு பிழையில்லாமல் எழுதிக்கொடுத்தார்.

பிரசாரத்துக்கு அத்தான் தானாகவே வந்தார். முழங்கால் வலியோடு ஒவ்வொரு படியாக ஏறி, “என்னைக் காப்பாத்த நெனச்ச ஒரே ஆளு இவன்” என்று வீடுவீடாக என்னை அறிமுகப்படுத்தினார். நான் நோட்டீஸ்கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் நடந்தேன். நாலாவது நாள் டீச்சர் வீட்டுத் தெரு. அந்த வாசலைத் தாண்டிவிடலாம் என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

“ஓட்டு கேக்கறவன் ரோஷம் பாக்கக் கூடாதுடா” என்று மணியை அடித்தார்.

டீச்சர் கதவைத் திறந்தார். அத்தான் சிரித்துக்கொண்டே சொன்னார்:

“எனக்குத்தான் போடல. இவனுக்காவது போட்டுடுங்க டீச்சர்.”

டீச்சர் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் உண்மையைச் சொல்வதற்கு வேண்டிய நேரம் கொடுத்தார் என்றுதான் நினைக்கிறேன். நான் ஒரு நோட்டீஸை உருவி நீட்டினேன்.

“போடறேன்” என்று வாங்கிக்கொண்டார்.