ஒரு வரியில் அடங்குபவை

1

இந்தக் கதை எனக்கு ஒரு குப்பைத்தொட்டியில் கிடைத்தது. காலணிப் பட்டறை ஒன்றின் வாசலில் இருந்த தொட்டி அது. உள்ளே மரத்தால் செய்த பாதங்கள், விரல்பக்கம் மேலே தெரியக் குவிந்து கிடந்தன. பயந்துவிட்டேன். பிறகுதான் அவை செருப்பு தைக்க உதவும் அச்சுகள் என்று புரிந்தது. ஒரு கால் குட்டையானவர்கள், பாதம் வளைந்தவர்கள் என்று கடைச்செருப்பு பொருந்தாத ஒவ்வொருவருக்கும் தனி அச்சு. கதவில் 'விற்பனைக்கு' என்ற அட்டை.

(இனி வருவதெல்லாம் நான் கட்டியது.)

2

'அன்று மழை' என்று தொடங்கினேன். அடித்துவிட்டேன். 'அக்கா கெட்டவள் அல்ல' என்று தொடங்கினேன். அப்படிச் சொன்னாலே நீங்கள் சந்தேகப்படுவீர்கள்.

நேராகவே சொல்கிறேன். பட்டறை ஒரு அக்காவுடையது; கூட வேலை செய்பவன் அவளுடைய தம்பி. அக்காவுக்குக் கை நடுக்கம். இனித் தோல் வெட்ட முடியாது. பட்டறையை விற்றாக வேண்டும்.

"வாங்கறவருக்குப் பட்டறையில இருக்கிறதெல்லாம் ஒரே பக்கத்துல புரியணும்மா," என்றார் தரகர். "எதை ஒரு வரில சொல்ல முடியலையோ, அதைத் தூக்கிடுங்க. சிக்கலை யாரு காசு குடுத்து வாங்குவா?"

பதினேழு வகைத் தோல் இரண்டானது. உதைத்தால் மட்டும் ஓடும் தையல் இயந்திரம் போனது. முதன்முறையாகத் தரையில் வெயில் விழுந்தது. அக்காவுக்கு மூச்சு விட முடிந்தது.

எனக்கும் அந்த விதி பிடித்துப்போனது. (இந்தக் கதையில் தம்பிக்கு ஒரு மனைவி இருந்தாள். எடுத்துவிட்டேன். கதை இலேசாகிவிட்டது. அவள் எங்கே போனாள் என்று நான் கேட்கவில்லை.)

3

அடுத்து அச்சுகள். ஆறு அளவு போதும் என்று மீதியை வாசல் தொட்டியில் கொட்டினாள் அக்கா.

"அதுல பாதிப் பேரு இன்னும் நடந்துட்டு இருக்காங்கக்கா," என்றான் தம்பி.

"நடக்கட்டுமே. நான் என்ன அவங்க காலையா வெட்டினேன்?"

4

கடைசியில் மிஞ்சியது தம்பி. ஐம்பது வயது. வேறு வேலை தெரியாது. புதுச் செருப்பைப் போட்டு வாடிக்கையாளரை நடக்கச் சொல்லிவிட்டு, முதுகைக் காட்டி நிற்பான். காலடிச் சத்தத்தை மட்டும் கேட்பான். பிறகு அடிப்பகுதியில் எங்கே சீவ வேண்டும் என்று சுண்ணாம்புக்கட்டியால் குறி போடுவான். தப்பியதே இல்லை. எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

தரகர் கேட்ட காகிதத்தில் அவனை 'காலடி கேட்பவர்' என்று எழுதினாள் அக்கா.

தரகர் சிரித்தார். "இதைப் படிச்சா வாங்க வர்றவரு செருப்பை விட்டுட்டே ஓடிடுவாரும்மா."

'உதவியாளர்' என்று மாற்றினாள்.

"அப்ப அவரு இல்லாமலும் வேலை நடக்கும். எடுத்துடுங்க."

"இல்ல, அவன் வந்து..." என்று தொடங்கிய அக்கா

(இந்த வாக்கியத்தை மூன்று நாளாக முடிக்கப் பார்க்கிறேன்.)

தரகர் போன பிறகு காகிதத்தைத் தம்பியிடம் நீட்டினாள். "உன்னைப் பத்தி நீயே ஒரு வரி எழுதுடா."

"நான் இருந்தா விற்காதாக்கா?"

அக்கா வாசலுக்கு நடந்தாள். அவன் வழக்கம்போல முதுகைக் காட்டித் திரும்பி நின்றான்.

"இடது கால் தயங்குதுக்கா," என்றான்.

5

வாங்குபவர் அவனை வைத்துக்கொள்வதாக ஒரு முடிவு எழுதினேன். பொய் பல்லிளித்தது. வேறு பட்டறைக்கு அனுப்பினேன். அப்படி ஒரு பட்டறையை எனக்குக் கட்ட வரவில்லை.

காகிதம் மேசைமேல் இருக்கிறது. நாளைக் காலை பத்து மணிக்குத் தரகர் வருவார். அதில் தம்பிக்காக ஒரே ஒரு வரிக்கு இடம் இருக்கிறது. எழுதலாம், அல்லது அதையும் அடித்துவிடலாம். நீங்களே போய்ப் பேனாவை எடுங்கள்.

அவன் இன்னும் திரும்பித்தான் நிற்கிறான். நீங்கள் நடப்பது அவனுக்குக் கேட்கும்.